‘எனவே’க்கு மேலே மூன்று வரி

முதலாமாண்டு மாணவர்களின் தாள்கட்டு மேசைக்கு வந்ததும் நான் பெயரைப் பார்ப்பதில்லை, பக்கத்தை எண்ணுவதில்லை. ‘எனவே’ எங்கே இருக்கிறது என்று தேடுவேன். அதற்கு மேலே இருக்கும் மூன்று வரியை மட்டும் முதலில் படிப்பேன். எழுதியவருக்கு விஷயம் பிடிபட்டிருக்கிறதா, இல்லை பிடிபட்ட மாதிரி எழுத மட்டும் தெரிந்திருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். 11 வருடம் சட்ட எழுத்துப் பாடம் நடத்தியதில் எனக்குக் கிடைத்த ஒரே குறுக்குவழி இதுதான்.

இந்தப் பாடத்தின் பெயரைக் கேட்டால் வெளியாட்கள், “பத்திரம் எழுதச் சொல்லித் தர்றீங்களா?” என்பார்கள். கூட வேலை பார்ப்பவர்களில் சிலர் அதை இலக்கண வகுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் எல்லாம் ‘நிஜமான’ பாடங்கள். இது ஓரமாக ஒண்டிக்கொண்டிருப்பது. அமெரிக்காவில் சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் வழக்கறிஞர் சங்கம், முதலாண்டிலேயே ஓர் எழுத்துப் பயிற்சி கட்டாயம், அதற்குப் பிறகும் குறைந்தது ஒன்று வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறது. விதி போட்டுத்தான் உள்ளே நுழைக்க வேண்டியிருக்கிறது என்றும் அதைப் படிக்கலாம்.

முதல் வாரத்தில் நான் கொடுக்கும் பயிற்சி எல்லா வருடமும் ஒன்றுதான். ஒரு பூங்கா. வாசலில் ஒரு பலகை: ‘பூங்காவுக்குள் வாகனங்களுக்கு அனுமதி இல்லை.’ ஒரு பெண் நின்றபடி ஓட்டும் பேட்டரி ஸ்கூட்டரில் உள்ளே போகிறார். காவலர் அபராதம் எழுதிவிட்டார். அந்தப் பெண் இப்போது உங்கள் கட்சிக்காரர். சீனியருக்கு ஒரு பக்கத்தில் மெமோ, அதாவது வழக்கின் நிலையை அலசும் குறிப்பு, எழுதிக் கொடுங்கள்.

பூங்கா என்னுடையதல்ல. சட்டத் தத்துவ அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட் 1958இல் ஹார்வர்ட் சட்ட இதழில் எழுதிய கட்டுரையில் வருவது. வாகனம் என்றால் கார் அதில் நிச்சயம் அடங்கும். சைக்கிள், ரோலர் ஸ்கேட், பொம்மைக் கார் எல்லாம் அடங்குமா என்று அவர் கேட்டார். அதே ஆண்டு, அதே இதழில் லான் ஃபுல்லர் பதில் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் ஓடிய லாரி ஒன்றை, ஓடும் நிலையிலேயே, நினைவுச் சின்னமாகப் பூங்காவில் பீடம் கட்டி நிறுத்தினால் அதற்கும் தடையா என்பது அவருடைய கேள்வி. சட்டத் தத்துவம் படிப்பவர்களுக்கு இது அலுத்துப்போன உதாரணம். முதலாமாண்டுக்காரர்களுக்கு இன்னும் அலுக்கவில்லை, அதனால் வைத்திருக்கிறேன்.

வரும் மெமோக்களில் பத்தில் எட்டு இப்படி இருக்கும்:

‘பூங்காவுக்குள் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. கட்சிக்காரர் ஸ்கூட்டரில் பூங்காவுக்குள் சென்றுள்ளார். எனவே அவர் விதியை மீறியுள்ளார்.’

மூன்று வாக்கியம். பிழை ஒன்றும் இல்லை. கேட்டால் சரி மாதிரியே இருக்கும். ஆனால் இந்த வழக்கில் இருக்கிற ஒரே கேள்வி இரண்டாவது வாக்கியத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போயிருக்கிறது. ஸ்கூட்டர் வாகனமா? அதை யாரும் எழுதவே இல்லை. ‘எனவே’ அந்தப் பள்ளத்தின்மேல் ஒரு பலகையைப் போட்டு மூடிவிட்டது.

போன வருடம் ஒரு பையனிடம் கேட்டேன். “ஸ்கூட்டர் வாகனம்தான்னு எங்கப்பா எழுதியிருக்க?”

“அது தெரிஞ்சதுதானே மேம்.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும்.”

“காவலருக்குத் தெரிஞ்சிருக்கு, அபராதம் எழுதிட்டார். உன் கட்சிக்காரருக்குத் தெரியலையே. அதுக்காகத்தானே அவங்க உன்கிட்ட வந்திருக்காங்க?”

பையன் யோசித்தான். “அப்போ அதையும் எழுதணுமா?” என்றான். குரலில் கொஞ்சம் சலிப்பு இருந்தது. அந்தச் சலிப்பு எனக்குப் பழக்கமானதுதான். இவர்கள் முட்டாள்கள் அல்ல. இன்னும் சொல்லப்போனால், கெட்டிக்காரர்களிடம்தான் இந்த நோய் அதிகம். அவர்கள் மனசுக்குள் அந்தப் படியை வேகமாகத் தாண்டியிருப்பார்கள். தாண்டியதை எழுதினால் படிப்பவரைக் குழந்தையாக நினைத்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு கூச்சம். கணக்குப் பரீட்சையில் ‘வழிமுறை எழுதுக’ என்றால் எழுதியவர்கள், மொழியில் எழுதும்போது மட்டும் விடையை நேராகக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.

இதற்குச் சட்டக் கல்லூரிகளில் கொடுக்கும் மருந்து ஐராக். பிரச்சினை, விதி, பொருத்திப் பார்த்தல், முடிவு என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகள். நல்ல மருந்துதான். நானும் கொடுக்கிறேன். ஆனால் மாணவர்கள் அதை விண்ணப்பப் படிவம் மாதிரி நிரப்புவார்கள். ‘பொருத்திப் பார்த்தல்’ என்று தலைப்பு போட்டு, அடிக்கோடு இழுத்து, அதற்குக் கீழே சம்பவத்தையே இன்னொரு தரம் எழுதி வைப்பார்கள். கட்டம் நிரம்பிவிடும். பள்ளம் அப்படியே இருக்கும்.

அதனால் ஒரு சின்ன அராஜகம் செய்கிறேன். முதல் மாதம் முழுக்க வகுப்பில் ‘எனவே’, ‘ஆகவே’, ‘ஆதலால்’ மூன்றுக்கும் தடை. முடிவை முதலிலேயே எழுதிவிடு, பிறகு ‘ஏனென்றால்’ போடு என்பேன். ‘கட்சிக்காரர் விதியை மீறினார், ஏனென்றால்...’ இந்த இடத்தில் பேனா நின்றுவிடும். ‘எனவே’ எழுதும்போது நிற்காத பேனா இங்கே நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நிற்பதற்காகத்தான் இந்தத் தடையே. (இந்தக் கட்டுரையிலும் அந்த மூன்று சொற்களை மேற்கோளுக்கு வெளியே எழுதாமல் பார்த்துக்கொள்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.)

அதே பையன் இரண்டாம் முறை எழுதிக்கொண்டு வந்தது:

‘கட்சிக்காரர் விதியை மீறியதாகச் சொல்வதற்கே வாய்ப்பு அதிகம். ஏனென்றால், வாகனம் எது என்று விதி சொல்லாவிட்டாலும், நடப்பவர்களை ஆபத்திலிருந்தும் இரைச்சலிலிருந்தும் காப்பதுதான் அதன் நோக்கமாக இருக்க முடியும். இந்த ஸ்கூட்டரில் இரைச்சல் இல்லை. அது நமக்குச் சாதகம். ஆனால் இது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. நடப்பவர்மீது மோதினால் அடிபடும். அது பாதகம்.’

இதில் 25 கிலோமீட்டர் என்பதைப் பாருங்கள். பயிற்சித் தாளில் அது முதலிலிருந்தே இருந்தது. முதல் மெமோவில் அவன் அதை எடுக்கவே இல்லை. ‘ஏனென்றால்’ என்று எழுதியபிறகு, கையில் ஏதாவது வேண்டுமே என்று தேடும்போதுதான் அது கண்ணில் பட்டது.

அடுத்த வாரம் இதே பூங்காவுக்கு ஒரு முன்தீர்ப்பைக் கொண்டுவருவேன். மக்பாயில் என்பவர் திருட்டு விமானம் ஒன்றை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோன வழக்கு; அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1931இல் தீர்த்தது. திருடிய மோட்டார் வாகனத்தை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம் என்றது சட்டம். கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று அடுக்கிவிட்டு, ‘தண்டவாளத்தில் ஓடாத, தானே இயங்கும் வேறு எந்த வாகனமும்’ என்று முடித்திருந்தது. விமானம் தண்டவாளத்தில் ஓடுவதில்லை, தானே இயங்குகிறது. அப்படியானால் விமானம் வாகனமா? இல்லை என்றார் நீதிபதி ஹோம்ஸ். வாகனம் என்ற சொல் சாதாரண மனிதர் மனத்தில் எழுப்புவது நிலத்தில் ஓடும் ஒன்றின் படத்தை. ஒருவரைத் தண்டிப்பதற்கு முன்னால், எது குற்றம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சட்டம் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர் கொடுத்த காரணம்.

இதைப் படித்ததும் வகுப்பு துள்ளிக் குதிக்கும். ‘மக்பாயில் வழக்கின்படி வாகனம் என்பது நிலத்தில் ஓடுவது. ஸ்கூட்டர் நிலத்தில் ஓடுகிறது. எனவே ஸ்கூட்டர் வாகனம்.’ தடையை மீறி அந்தச் சொல்லும் வந்துவிடும். அவ்வளவு உற்சாகம்.

எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த அரைமணி நேரம் இதுதான். ஹோம்ஸ் சொன்னது, நிலத்தில் ஓடாதது அந்தச் சட்டத்தில் வாகனம் ஆகாது என்று. நிலத்தில் ஓடுவதெல்லாம் வாகனம் என்று அவர் சொல்லவே இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் குழந்தையின் தள்ளுவண்டியும் வாகனம், சக்கரம் வைத்த சூட்கேஸும் வாகனம். தீர்ப்பில் எந்த வரி ரேஷியோ (முடிவைத் தாங்கி நிற்கும் காரணம்), அது எதுவரைக்கும் நீளும் என்று அளந்து பார்க்காமல், கையில் கிடைத்த நீளத்துக்கு இழுத்துக்கொள்கிறார்கள். நான் பலகையில் இரண்டு வாக்கியம் எழுதுவேன். ‘மழை பெய்யாவிட்டால் தரை நனையாது.’ ‘மழை பெய்தால் தரை நனையும்.’ இரண்டும் ஒன்றா? கூரைக்குக் கீழே இருக்கும் தரை? பின்வரிசையில் யாராவது ஒருவர் “அட!” என்பார். இதுவரை ஒரு வருடமும் தவறியதில்லை.

பிறகு கேட்பேன், இந்தத் தீர்ப்பு நம் கட்சிக்காரருக்கு எங்கே உதவும்? வார்த்தை விளக்கத்தில் அவ்வளவாக உதவாது. ஆனால் ‘தண்டிப்பதற்கு முன் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்’ என்ற காரணம் உதவும், அபராதமும் தண்டனைதானே. இங்கேயும் ஒரு பெண் எழுந்து, “சிறைத் தண்டனையும் பூங்கா அபராதமும் ஒண்ணா மேம்? ஒண்ணு இல்லைன்னு எதிர்த்தரப்பு சொல்லுமே” என்றாள். அதை எழுதச் சொன்னேன். எழுத மறுத்தாள். நம் மெமோவில் எதிராளிக்கு ஏன் பாயிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய நியாயம்.

மெமோ எழுதுவது வாதாடுவது அல்ல என்பது புரிய ஒரு பருவம் ஆகிறது. மூட் கோர்ட்டில் (மாணவர்களுக்கான மாதிரி நீதிமன்றம்) கை நீட்டிப் பேசும் ஆசையில் வந்தவர்கள். சீனியர் கேட்பது ‘ஜெயிப்போமா?’ என்று, ‘ஜெயிக்க வேண்டும்’ என்று பதில் எழுதுகிறார்கள். எதிராளி கோர்ட்டில் எழுப்பப்போகிற கேள்வியை நம் சீனியர் முதல் தடவையாகக் கோர்ட்டிலேயே கேட்க நேர்ந்தால் அந்த மெமோ எதற்கு?

இங்கே தமிழில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, ‘-லாம்’. ‘நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்யலாம்’ என்று ஒரு மாணவர் எழுதுகிறார். ரத்து செய்யும் அதிகாரம் உண்டு என்கிறாரா, ரத்து செய்தாலும் செய்யும் என்று ஊகிக்கிறாரா? பேச்சில் தொனி காட்டிக்கொடுத்துவிடும். தாளில் காட்டாது. எழுதியவரையே கேட்டால் பாதி நேரம் அவருக்கே தெரியாது. அந்த மயக்கம் சௌகரியமாக இருந்ததால்தான் அதில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார். மெமோவில் ‘-லாம்’ வந்தால் வட்டம் போட்டு, ‘அதிகாரமா, வாய்ப்பா?’ என்று ஓரத்தில் எழுதுவேன்.

இன்னொன்று ‘-பட்டது’. ‘ஒப்பந்தம் மீறப்பட்டது’, ‘தகவல் தெரிவிக்கப்படவில்லை.’ சட்டத்தமிழ் என்றாலே செயப்பாட்டுவினை என்று எப்படியோ பதிந்துபோயிருக்கிறது. யார் மீறினார் என்பதுதான் வழக்கே. அந்த ‘யார்’ வாக்கியத்திலிருந்து கழன்று விழுந்தால் கம்பீரம் கூடுகிறது என்று நினைக்கிறார்கள்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பெருமைப்பட முடியாதது. ஜூனியராக இருந்தபோது ஒரு நோட்டீஸ் வரைந்தேன். அதில், ‘மேற்படி ஒப்பந்தத்தின்படி அவருக்குச் சேர வேண்டிய தொகை இன்றுவரை செலுத்தப்படவில்லை’ என்று ஒரு வாக்கியம். சீனியர் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பத்து நாளில் பதில் வந்தது. ‘தங்கள் நோட்டீஸில் கண்டுள்ளபடி எங்கள் கட்சிக்காரருக்குச் சேர வேண்டிய தொகை செலுத்தப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதை உடனே செலுத்துமாறு தங்கள் கட்சிக்காரருக்கு அறிவுறுத்தவும்.’ நான் எழுதிய ‘அவர்’ யாரை வேண்டுமானாலும் குறிக்கும். ‘செலுத்தப்படவில்லை’யில் யார் செலுத்தவில்லை என்று இல்லை. சீனியர் திட்டவில்லை. பதிலைப் படித்துவிட்டுச் சிரித்தார். அது திட்டைவிட மோசமாக இருந்தது. வழக்கு அதனால் கெட்டுப்போகவில்லை, வேறு ஆவணங்கள் இருந்தன. ஆனால் அன்றையிலிருந்து ‘அவர்’ என்று எழுதும்போதெல்லாம் கை ஒரு கணம் தயங்குகிறது.

இந்தக் கதையைச் சொன்ன கையோடு ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவன வழக்கையும் சொல்வேன். அமெரிக்காவில் மெய்ன் மாநிலம். யாருக்கெல்லாம் கூடுதல் நேரச் சம்பளம் கிடையாது என்று ஒரு பட்டியலைச் சட்டம் கொடுத்திருந்தது: பதப்படுத்துதல், உறையவைத்தல், சேமித்தல் என்று போய்க் கடைசியில் ‘அனுப்புவதற்கு அல்லது விநியோகத்துக்குப் பொட்டலம் கட்டுதல்’ என்றும் படிக்கலாம், ‘அனுப்புவதற்குப் பொட்டலம் கட்டுதல், அல்லது விநியோகித்தல்’ என்றும் படிக்கலாம் என்ற மாதிரி ஒரு தொடர். ஆங்கிலத்தில் ‘அல்லது’வுக்கு முன் ஒரு காற்புள்ளி இல்லாததால் வந்த வினை. வழக்குப் போட்ட லாரி ஓட்டுநர்கள் விநியோகிப்பவர்கள். பொட்டலம் கட்டுபவர்கள் அல்ல. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாசகம் தெளிவாக இல்லை, தொழிலாளர் நலனுக்காகப் போட்ட சட்டம் என்பதால் அவர்கள் பக்கம்தான் படிக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தமிழில் காற்புள்ளியால் இந்த அளவு ஆபத்து வராது. ‘கட்டுதலும் விநியோகித்தலும்’ என்று ‘-உம்’ ஒட்டிவிட்டால் எது எதோடு சேரும் என்று தெரிந்துவிடும். மாணவர்களிடம் நான் பிடிவாதமாகக் கேட்கும் சில விஷயங்களில் இந்த ‘-உம்’மும் ஒன்று. நாலு பெயர்ச்சொல்லை வெறும் காற்புள்ளியில் கோத்துவிட்டுக் கடைசியில் ‘மற்றும்’ போடுகிறார்கள். ‘-உம்’ என்று ஒரு நல்ல ஆயுதம் கையில் இருக்கிறது, அது துருப்பிடிக்கிறது.

சம்பவத்தை எழுதக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழக்கு டொனாஹ்யூ எதிர் ஸ்டீவன்சன். 1928 ஆகஸ்ட் 26, ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி நகரத்து உணவகம். டொனாஹ்யூவுக்கு அவருடைய தோழி ஜிஞ்சர் பீர் வாங்கித் தருகிறார். பாதி குடித்தபிறகு பாட்டிலில் இருந்து அழுகிய நத்தை விழுகிறது. நுகர்வோர் வழக்குகளுக்கெல்லாம் பாட்டி இந்த வழக்கு. 1932இல் பிரபுக்கள் சபை (அன்று பிரிட்டனில் கடைசி மேல்முறையீடு அங்கேதான்) மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. சம்பவத்தை 60 சொல்லில் எழுதுங்கள் என்பேன்.

எல்லாரும் நத்தையை எழுதுவார்கள். பாதிப் பேர் ஐஸ்கிரீமையும் எழுதுவார்கள் (பானத்தை அதன்மேல் ஊற்றித்தான் சாப்பிட்டார்). தோழிதான் வாங்கினார் என்பதை விட்டுவிடுவார்கள். அதை விட்டால் வழக்கே இல்லை: டொனாஹ்யூ தாமே வாங்கியிருந்தால் கடைக்காரரோடு ஒப்பந்தம் வந்திருக்கும், தயாரிப்பாளர்வரை போக வேண்டிய தேவை இருந்திருக்காது. பாட்டில் ஒளிபுகாத கண்ணாடி என்பதையும் விட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பது தெரியாது, நடுவில் யாரும் சோதித்திருக்க முடியாது என்ற அடுத்த படியே அதன்மேல்தான் நிற்கிறது.

ஆனால் நான் காத்திருப்பது வேறு ஒன்றுக்கு. “பாட்டிலில் நத்தை இருந்தது என்று எழுதியவர்கள் கை தூக்குங்கள்.” எல்லாக் கையும் மேலே போகும். நத்தை இருந்தது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. டொனாஹ்யூ சொல்வதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டால் சட்டத்தில் அவருக்கு வழக்கு உண்டா என்பதுதான் பிரபுக்கள் சபை முன்னால் இருந்த கேள்வி. உண்டு என்றார்கள். அதன்பிறகு சாட்சி விசாரணைக்கு வருவதற்குள் ஸ்டீவன்சன் இறந்துபோக, விஷயம் சமரசத்தில் முடிந்தது. நத்தை நிரூபிக்கப்படவே இல்லை. ‘இருந்தது’ என்பதற்கும் ‘இருந்ததாக அவர் கூறுகிறார்’ என்பதற்கும் நடுவில்தான் வக்கீல்கள் சம்பாதிக்கிறார்கள் என்று சொல்வேன், சிரிப்பார்கள். அடுத்த மெமோவிலும் ‘இருந்தது’ என்றே எழுதுவார்கள். மூன்றாவதில் மாறும்.

பழைய பத்திர நடையைப் பற்றி நான் நிறையப் பேசுவதில்லை. ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’, ‘தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்’ என்ற தொடர்கள் காதுக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1362இல், வழக்காடுபவர்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, இனி வாதம் ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள். பழக்கம் அவ்வளவு லேசில் போகாது. பழைய சொல்லால் வரும் கெடுதலைவிட, புரியாத சொல்லைப் போட்டால் ஆழம் வந்துவிடும் என்ற நம்பிக்கையால் வரும் கெடுதல் அதிகம். இதில் மாணவர்களை மட்டும் குறைசொல்லவும் முடியாது. 2022இல் பாரத ஸ்டேட் வங்கி எதிர் அஜய் குமார் சூட் வழக்கில், உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்ன சொல்கிறது என்றே புரியவில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. பத்திகளுக்கு எண் போடுங்கள் என்று தொடங்கி, தீர்ப்பெழுதும் முறை பற்றி அதே தீர்ப்பில் எழுதியது. நம் ஐராக்கும் அதில் வருகிறது. இதை வகுப்பில் வாசித்தால் மாணவர்களுக்கு ஒரு அற்ப சந்தோஷம். எனக்கும்தான்.

அவர்கள் முதலாண்டில் படிப்பதெல்லாம் தீர்ப்புகள். 1870இல் ஹார்வர்ட் சட்டக் கல்லூரிக்குத் தலைவராக வந்த லாங்டெல், பாடநூலை ஓரமாக வைத்துவிட்டுத் தீர்ப்புகளைப் படிக்கவைத்து நடத்தும் முறையைத் தொடங்கியதிலிருந்து பல சட்டக் கல்லூரிகளில் இதுதான் போக்கு. விளைவு, பிள்ளைகள் நீதிபதி மாதிரி எழுதுகிறார்கள். நீதிபதி ‘ஏற்புடையதல்ல’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். அவர் தள்ளினால் தள்ளியதுதான். 18 வயதுக்காரர் ‘எதிர்த்தரப்பின் வாதம் ஏற்புடையதல்ல’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போனால், ஏன் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நான் திருத்திய விதமும் ரொம்ப நாள் தப்பாகவே இருந்தது. நடத்தத் தொடங்கிய புதிதில் ஒரு மாணவியின் இரண்டு பக்க மெமோவில் 47 இடத்தில் சிவப்பு மை போட்டேன். எண்ணிப் பார்த்துச் சொன்னது அவள்தான். ஒற்று, சந்தி, காற்புள்ளி, ‘ஒரு/ஓர்’, பிரிவு எண் எழுதும் முறை. ஒரு வாரத்தில் 47ஐயும் சரிசெய்து கொண்டுவந்தாள். ஒன்றுகூட விடவில்லை. மெமோவில் முன்பு இருந்த பள்ளம் அதே இடத்தில் அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில் நான் எந்த மையும் போடவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். இருக்கிற தப்பைச் சுழிப்பது சுலபம். எழுதாமல் விட்டதைச் சுழிக்கத் தாளில் இடமே இல்லை. இப்போது முதல் திருத்தத்தில் ஒற்றுப் பக்கமே போவதில்லை. ஓரத்தில் ஒரு கேள்விதான், சில சமயம் ஒரே சொல்தான்: ‘ஏன்?’

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இந்த ‘ஏன்?’ இன்னும் அதிகமாகிவிட்டது. அது எழுதித் தரும் மெமோவில் சந்திப்பிழை இருக்காது, நான்கு தலைப்பும் இருக்கும், ‘எனவே’ பளிச்சென்று இருக்கும். நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் போட்ட வழக்கறிஞர்களுக்கு 2023இல் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அப்படித் தீர்ப்புகளே இல்லை. என் வகுப்பில் தடை எதுவும் இல்லை. ஒரு முன்தீர்ப்பைக் காட்டினால் எந்தப் பத்தி, அதற்கு முந்தின பத்தியில் என்ன இருக்கிறது என்று நேரில் கேட்பேன். படித்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

இந்தப் பருவத்தின் கடைசிப் பயிற்சியும் அதே பூங்கா, அதே பலகை. இம்முறை பேட்டரி சக்கர நாற்காலி. மக்பாயில் தீர்ப்பும், பயிற்சிக்காக நானே எழுதிய இரண்டு தீர்ப்புகளும் கையில். அன்றைக்கு எதிராளிக்குப் பாயிண்ட் எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்று எழுந்து நின்ற பெண்ணின் தாள் நேற்று வந்தது. முதல் பத்தியில், ‘கட்சிக்காரர் விதியை மீறியுள்ளார் என்றே நீதிமன்றம் கருதும்’ என்று எழுதியிருக்கிறாள். சக்கரம், மோட்டார், நிலத்தில் ஓடுவது என்று காரணம் அடுக்கியிருக்கிறாள். இரண்டாம் பக்கத்தில், எதிராளி என்ன சொல்வார் என்று தொடங்கி, நடக்கிறவர்களைக் காக்க வந்த விதி, நடக்க முடியாதவரின் கால்களைத் தடுக்குமா என்று கேட்டு, பதிலையும் அவளே எழுதத் தொடங்கி, ஒன்றரைப் பத்தி அடித்துத் திருத்தி, கடைசி வரியில் ‘மீறவில்லை’ என்று முடித்திருக்கிறாள். முதல் பத்தியை மாற்ற மறந்துவிட்டாள்.

வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அந்தத் தாளுக்குத்தான் போட்டேன். முதல் பத்தியை மட்டும் திரும்ப எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.